பட்டடையை எடைக்குப் போடலாமா?

கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில், 2023ம் ஆண்டு ஆயுத பூஜைக்குச் சில நாட்கள் முன்பு, பழைய இரும்பு ஏற்றும் வண்டி ஒன்று வந்து நின்றது. ஊர்ப்பக்கம் காயலான் கடைக்காரர் என்பார்கள். கர்நாடகத் தமிழர் வாயில் அவர் குஜிரிக்காரர். வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில், புளியங்கட்டை மேல் உட்கார்ந்திருந்த பட்டடையைக் கட்டி இழுக்க இரண்டு பையன்கள் கயிற்றோடு உள்ளே போனார்கள்.

கொல்லர் காய்ந்த இரும்பை வைத்து அடிக்கும் கல் போன்ற இரும்புதான் பட்டடை. அந்த வீட்டுப் பட்டடைக்கு ஒரு பக்கம் கொம்பு உண்டு. மறுபக்கம் தட்டையான வால். குடியாத்தம் பக்கமிருந்து பிழைக்க வந்த பாட்டனார் சுரங்கத்தில் கொல்லர் வேலை பார்த்தார். பாறை துளைக்கும் டிரில் கம்பிகளின் முனை மழுங்கி மேலே வரும். அவற்றைக் காய்ச்சி அடித்துக் கூராக்கித் திரும்பக் கீழே அனுப்புவது அவர் வேலை. அவருடைய மகனும் அதே வேலைக்குப் போனார். 2001 பிப்ரவரி 28ம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்ட பிறகு, அந்த மகன் வீட்டுப் பின்புறத்தில் உலை போட்டு, சுற்றுப்பட்ட கிராமத்தாருக்கு மண்வெட்டியும் கடப்பாரை முனையும் அடித்துக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். இப்போது அவரும் இல்லை. மூத்த பிள்ளை விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர். இளையவர் எலெக்ட்ரீஷியன். உலை அணைந்து நாலு வருஷம். பெண்ணை ஆம்பூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டையும் மாற்ற வேண்டும். பட்டடையை என்ன செய்வது?

"கிலோவுக்கு 28 ரூபாய். துருப் பிடிச்ச இரும்பு, உள்ளே பொந்து இருக்கும். எடை போட வேண்டாம், மொத்தமா 2,500 தர்றேன்" என்றார் குஜிரிக்காரர். மூத்தவர் தலையை ஆட்டிவிட்டார்.

எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். தகப்பனார் உலையில் பல வருஷம் சம்மட்டி போட்டவர். அவர் எழுந்து வந்து கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, கல்லுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்தியா?"

பார்க்கவில்லை. இரண்டு தலைமுறை அடித்த பட்டடையில் ஏதாவது எழுதியிருக்கும் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. தங்கவயலில் மட்டுமல்ல, பத்ராவதியில், ஹூப்ளியில், பெங்களூர் கண்டோன்மெண்டில், தொழிற்சாலையையும் ஒர்க்‌ஷாப்பையும் நம்பி வந்த எத்தனையோ தமிழ்க் கொல்லர் குடும்பங்களில் இன்று நடப்பது இதுதான். தொழில் போயிற்று, கருவி மிச்சம். அந்தக் கருவி என்னவென்று தெரியாமலே எடைக்குப் போகிறது. விற்பது தவறல்ல. தெரியாமல் விற்பதுதான் தவறு.

எண் சொல்லும் எடை

முதியவர் ஒரு சாக்பீஸை வாங்கினார். கம்பி பிரஷ்ஷால் பட்டடையின் விலாவை மெல்லத் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு சாக்பீஸைப் படுக்க வைத்து உரசினார். பள்ளத்தில் இருந்த எழுத்தும் எண்ணும் கறுப்பாக நின்றன. 1, இடைவெளி, 3, இடைவெளி, 7.

"நூத்தி முப்பத்தேழா? சீரியல் நம்பரா இருக்கும்" என்றார் இளையவர். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அது வரிசை எண் அல்ல, எடை. பழைய இங்கிலீஷ் பட்டடைகளில் எடையை மூன்று எண்களாகப் பொறிப்பது வழக்கம். முதல் எண் ஹண்ட்ரட்வெயிட், அதாவது 112 ராத்தல். நடு எண் அதில் கால் பங்கு, அதாவது 28 ராத்தல். கடைசி எண் மிச்ச ராத்தல். ஆகவே 1-3-7 என்றால் 112, அதோடு மூன்று இருபத்தெட்டு 84, அதோடு 7. மொத்தம் 203 ராத்தல். கிலோ கணக்கில் சுமார் 92.

சரிபார்க்கவும் வழி உண்டு. நடு எண் 3ஐத் தாண்டாது. கடைசி எண் 27ஐத் தாண்டாது. தாண்டினால் அது இந்தக் கணக்கு அல்ல. அமெரிக்கப் பட்டடைகளில் எடை நேராக ராத்தலிலேயே இருக்கும். பொறித்த எடைக்கும் தராசு எடைக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் எங்கேயோ உடைந்திருக்கிறது, அல்லது ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

தராசுக்குப் போகாமலே 92 கிலோ என்று வீட்டார் வாயால் கேட்டதும் குஜிரிக்காரரின் மனக்கணக்கு மாறியது. "சரி, 2,600" என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் வியாபாரம் இரும்பு. பழைய கட்டிலானாலும் பட்டடையானாலும் அவருக்கு எடைதான் பேசும். விற்கிறவன் அல்லவா தன் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும்? கூடா நட்பைச் சொல்ல வந்த வள்ளுவர் பட்டடையைத்தான் உவமையாக எடுத்தார். தாங்குவது போலக் கிடந்து, சமயம் வந்தால் ஓங்கி அடிக்கத் துணை போவது அது. தெரியாதவன் வீட்டில் பட்டடை அவனையே அடிபட வைக்கும்.

பெயர் இருந்தால் பெருமை, இல்லாவிட்டாலும் பழுதில்லை

எண்ணுக்கு மேலே வட்டமாகச் சில எழுத்துகள் தெரிந்தன. துரு தின்றது போக மிச்சத்தைக் கூட்டிப் படித்தபோது, இங்கிலாந்தில் டட்லி நகரத்துப் பீட்டர் ரைட் கம்பெனிப் பெயர் என்று தெரிந்தது. சுரங்கத்தை 1880 முதல் நடத்திய ஜான் டெய்லர் கம்பெனிக்காரர்கள் இங்கிலாந்துக்காரர்கள். பாயிலரும் இயந்திரமும் வந்த வழியில் பட்டடையும் வந்திருப்பதில் அதிசயம் இல்லை.

இன்னும் சில பெயர்கள் தெரிந்திருப்பது நல்லது. ஷெஃபீல்டு பக்கத்து மௌஸ்ஹோல் பட்டறையில் செய்தவை உண்டு. சிலவற்றில் எலியின் உருவமே பொறித்திருக்கும். பர்மிங்ஹாம் ஆல்டேஸ் அண்டு ஆனியன்ஸ், லை ஊர் புரூக்ஸ் ஆகியவையும் பேர் போனவை. சுவீடனில் கோல்ஸ்வா, சோடர்ஃபோர்ஸ் இரண்டும் முழுக்க எஃகால் வார்த்தவை. இவற்றில் ஒன்று கிடைத்தால் அது நல்ல பட்டடைக் குடும்பத்தில் பிறந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

பெயரே இல்லாவிட்டால்? மனம் தளர வேண்டாம். முதலில் அது அடித்துச் செய்ததா, வார்த்ததா என்று பாருங்கள். பழைய இங்கிலீஷ் பட்டடைகள் பெரும்பாலும் தேனிரும்புத் துண்டுகளைக் காய்ச்சி ஒன்றாக அடித்து, மேலே எஃகுத் தகடு வைத்து ஒட்டி, தண்ணீர் பாய்ச்சிக் கடினப்படுத்தியவை. அடிக்கும்போது பெரிய இடுக்கி கவ்வ இடுப்பிலும் காலடியிலும் சதுரக் குழிகள் விட்டிருப்பார்கள். அந்தக் குழிகள் இருந்தால் அடித்துச் செய்தது என்பதற்கு நல்ல அடையாளம். நடுவே மேலிருந்து கீழ்வரை தையல் போட்டாற்போல ஒரு வரம்பு ஓடினால் அது வார்ப்பு. வார்ப்பிலும் எஃகு வார்ப்பு நல்லது. வெறும் வார்ப்பிரும்பு, முகத்தில் எஃகு இல்லாதது, பட்டடை உருவத்தில் இருக்கும் எடைக்கல்லே தவிர வேறில்லை. அதை இரும்பு விலைக்குக் கொடுத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

கொம்பு இல்லாத சதுரக் கட்டிப் பட்டடைகள் நம் கிராமத்துக் கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாகத் தரையில் பதித்து, குத்துக்காலிட்டு அடித்தவை. அவற்றுக்குக் கம்பெனிப் பெயர் தேடிப் பயனில்லை. அவற்றுக்கும் முகம் உண்டு. அந்த முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

முகம்தான் விலை

பட்டடையின் விலை அதன் எடையில் இல்லை, முகத்தில் இருக்கிறது. சம்மட்டி விழும் மேற்புறத்தைத்தான் முகம் என்கிறோம். அது கடினமாக இருந்தால் அடித்த அடி இரும்புக்குப் போகும். மென்மையாக இருந்தால் பாதி அடியைப் பட்டடையே குடித்துவிடும். கொல்லனின் தோள்பட்டைதான் அதற்கு வட்டி கட்டும்.

முகத்தைச் சோதிக்க முதியவர் செய்தது எவரும் செய்யக் கூடியது. லாரி மெக்கானிக் கடையில் கழித்துப் போட்ட பேரிங்கிலிருந்து ஓர் எஃகுக் குண்டு வாங்கி வரச் சொன்னார். முகத்தின் மேல் ஸ்கேலை நிற்க வைத்து, 10 அங்குல உயரத்திலிருந்து குண்டைத் தானாக விழ விட்டார். அது துள்ளி எவ்வளவு உயரம் எழுகிறது என்பதுதான் கணக்கு. 7, 8 அங்குலம் எழுந்தால் நல்ல முகம். 9ஐத் தொட்டால் அருமை. 5க்குக் கீழே போனால் முகம் இளகிவிட்டது, அல்லது முதலிலேயே கடினமில்லை. ஓரிடத்தில் மட்டும் பார்த்தால் போதாது. நடு, வால், ஓரம் என்று பத்து இடங்களில் விட்டுப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் துள்ளல் செத்தால் அங்கே எஃகுத் தகடு அடியிலிருந்து விட்டிருக்கலாம்.

தங்கவயல் பட்டடையில் நடுவில் ஏழரை எழுந்தது. வால் பக்கம் ஆறுதான். "உங்க தாத்தா அந்தப் பக்கம் அடிக்கவே விடமாட்டார். அது அவருக்கே தெரியும்" என்றார் முதியவர்.

அடுத்தது ஓசை. சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல பட்டடை மணி போலக் கணீரென்று சொல்லும். செத்த ஓசை வந்தால் விரிசல் இருக்கலாம். ஆனால் ஓசையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கட்டையில் இறுக்கிப் பிணைத்த பட்டடை அவ்வளவாக ஒலிக்காது. அமெரிக்காவில் ஃபிஷர் கம்பெனி செய்த பட்டடைகள் வார்ப்பிரும்பு உடலில் எஃகு முகம் வைத்தவை. அவை ஒலிக்கவே ஒலிக்கா; வேலைக்கோ முதல் தரம். எனவே காது சொல்வதைக் குண்டு உறுதி செய்ய வேண்டும்.

மூன்றாவது மட்டம். முகத்தின் மேல் நேரான இரும்பு ஸ்கேலைப் படுக்க வைத்து எதிரே டார்ச் அடித்துப் பார்த்தால் நடுவில் எவ்வளவு குழி விழுந்திருக்கிறது என்று தெரியும். சிறு குழி தப்பில்லை. நீளமான கம்பியை நிமிர்த்தச் சிறு குழி உதவுகிறது என்று சொல்லும் கொல்லர்களும் உண்டு. பெரிய பள்ளம் விலையைக் குறைக்கும். ஓரங்கள் உதிர்ந்திருந்தாலும் குறையும். ஆனால் ஓர் ஓரம் நன்றாக இருந்தாலே கொல்லனுக்குப் போதும். கொம்பின் நுனி உடைந்ததா, சதுரத் துளையும் வட்டத் துளையும் அடைபடாமல் இருக்கின்றனவா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவதாக அரம். முகத்தின் ஓர் ஓரத்தில் அரத்தை லேசாக ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கடித்துப் பிடித்தால் எஃகு இளகியிருக்கிறது. தீப்பிடித்த வீட்டிலோ குடிசையிலோ கிடந்த பட்டடைகள் இப்படி ஆகியிருக்கும். நெருப்பு, கடினத்தைக் குடித்துவிடும். இளகிய முகத்துக்குக் கொல்லன் நல்ல விலை கொடுக்க மாட்டான், கொடுக்கவும் கூடாது.

அழகு பார்க்கப் போய் அழித்தவர்கள்

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். விற்கப் போகிறோமே, பளபளப்பாக இருந்தால் விலை கூடும் என்று எண்ணி, கிரைண்டர் வைத்து முகத்தை மழிப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய பட்டடையில் எஃகு முகம் அரை அங்குலக் கனம் இருந்தாலே அதிகம். எத்தனையோ ஆண்டு அடியில் தேய்ந்தது போக மிச்சம் இருப்பதை ஐந்து நிமிஷத்தில் தீப்பொறியாகப் பறக்க விடுவது பைத்தியக்காரத்தனம். உதிர்ந்த ஓரத்தை வெல்டிங் வைத்து நிரப்புவதும் அப்படியே. தெரியாத கை வெல்டிங் வைத்தால் சுற்றிலும் சூட்டில் இளகும். அடுத்த அடியில் அங்கேயே விரிசல் விடும். பெயின்ட் அடிப்பதும் வேண்டாம். பெயின்ட்டைக் கண்டால் வாங்குகிறவன் எதை மறைக்கிறார்கள் என்றுதான் கேட்பான்.

துருவைத் துடைத்து, எண்ணெய் பூசி, பொறிப்பு தெரியும்படி நாலு பக்கமும் போட்டோ எடுத்தால் போதும். தூக்கும்போது கவனம் தேவை. 92 கிலோ காலில் விழுந்தால் விலை பேச யாரும் மிஞ்ச மாட்டார்கள். நாலு ஆள், ஒரு கடப்பாரை, அடியில் உருட்ட இரண்டு குழாய்த் துண்டு இல்லாமல் தொடக் கூடாது.

யாருடைய சொத்து?

விலைக்கு முன்னால் இன்னொரு கேள்வி உண்டு. இந்தப் பட்டடை குடும்பத்துச் சொத்துதானா? சுரங்கத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்த குடும்பங்கள் இதை அவசியம் கேட்டுக்கொள்ள வேண்டும். சில பட்டடைகளில் பழைய ரயில்வே கம்பெனிகளின் எழுத்துகள் இருக்கும். மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே, சவுத் இந்தியன் ரயில்வே ஆகிய கம்பெனிகள் 1951ல் தென்னக ரயில்வேயில் சேர்ந்தன. எழுத்து மட்டும் மிச்சம். ஏழைக் கொல்லர்கள் பலர் பட்டடைக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டையே வைத்து அடித்ததும் உண்டு.

ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பது பற்றி 1966ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. திருடிய பொருள் என்று நியாயமாகச் சந்தேகப்படத் தக்க ரயில்வே சாமான் ஒருவரிடம் இருந்தால், அது முறையாக வந்தது என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. பாட்டனார் கழிவு ஏலத்தில் எடுத்திருப்பார். மனம் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் சட்டம் மனத்தைக் கேட்காது, ரசீதைக் கேட்கும். எழுத்தை மழித்துவிட்டு விற்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். இல்லாத குற்றத்துக்கு அதுவே சாட்சியாகிவிடும்.

தங்கவயல் குடும்பத்துக்கு நல்ல காலம். தாயார் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பாட்டனார் 1958ல் கழிவு ஏலத்தில் எடுத்த ரசீது, மடிப்பில் கிழிந்து, ஆனாலும் முத்திரையோடு இருந்தது. அந்தக் காகிதத்தை எடுத்து வைத்தது படிப்பறியாத பாட்டியார்.

வீட்டுக்குள்ளும் ஒரு நியாயம் உண்டு. பிள்ளைகள் இருவரும் பேசி முடித்துவிட்டார்கள்; ஆம்பூரில் இருக்கும் தங்கையை யாரும் கேட்கவில்லை. உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பது 1956ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்வது. வீடு மனைக்கு மட்டுமல்ல, இரும்புக்கும் அதுதான் சட்டம். பெரிய தொகை இல்லையே என்று கேட்காமல் விடுவதுதான் பின்னால் பெரிய பேச்சாகிறது. தாயார் சொல்லித்தான் தங்கைக்குப் போன் போயிற்று.

யாருக்கு விற்பது?

பொருளைத் தெரிந்துகொண்டாயிற்று. விலையை எப்படித் தெரிந்துகொள்வது? இங்கே இரண்டு பொய்கள் உலாவுகின்றன. ஒன்று, குஜிரிக்காரர் சொல்லும் கிலோ விலை. மற்றொன்று, செல்போனில் பார்த்துவிட்டு வரும் டாலர் விலை. அமெரிக்காவில் 2015 முதல் தொலைக்காட்சியில் கத்தி அடிக்கும் போட்டி ஒன்று நடந்து, பொழுதுபோக்காக உலை வைப்பவர்கள் அங்கே பெருகினார்கள். பழைய பட்டடைக்குக் கிராக்கி ஏறியது. அந்த விலையை இங்கே சொல்லி உட்கார்ந்தால் பட்டடை தாழ்வாரத்திலேயே உட்கார்ந்திருக்கும். 92 கிலோ இரும்பைக் கப்பல் ஏற்ற ஆகும் செலவை யாரும் நினைப்பதில்லை.

உண்மை விலையைச் சொல்லக் கூடியவர்கள் வாங்கி வேலை செய்யக் கூடியவர்கள்தான். இன்றும் உலை வைத்திருக்கும் கொல்லர்கள், பெங்களூரில் கத்தி அடிக்கும் இளைஞர்கள், இரும்பில் சிற்பமும் கிராதியும் செய்பவர்கள், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பட்டறைகள். இவர்களில் மூன்று பேரிடமாவது கேட்க வேண்டும். புதிய எஃகுப் பட்டடை இதே எடைக்கு என்ன விலை என்று ஹார்டுவேர் கடையில் விசாரித்துக்கொண்டால் அது மேல்வரம்பு. அன்றைய இரும்பு விலை கீழ்வரம்பு. நல்ல முகம் இருந்தால் மேலே நெருங்கும்; பள்ளமும் விரிசலும் இருந்தால் கீழே இறங்கும். கணக்கு அவ்வளவுதான்.

தங்கவயல் பட்டடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பெங்களூரில் பழம்பொருள் வியாபாரி. கறுப்புப் பாலிஷ் போட்டு ஒரு ஓட்டல் முகப்பில் வைக்கப் போவதாகச் சொன்னார். 22,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டார். குண்டைத் துள்ள விட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை. மற்றவர் ஹொசகோட்டைப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர். ஒரு மணி நேரம் குனிந்து பார்த்தார். வால் பக்கத்துச் சோர்வை அவரே கண்டுபிடித்தார். 18,000க்கு மேல் முடியாது என்றார்.

நாலாயிரம் ரூபாய் வித்தியாசம். வீடு மாற்றும் குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல. ஓட்டலுக்குக் கொடுத்திருந்தாலும் அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பாரம்பரியம் பேசுகிறவர்கள் பலர். அந்தப் பாரம்பரியத்துக்கு வாடகை கொடுப்பவர்கள் யாரும் இல்லை. பழமையைக் காப்பாற்று என்று பிறர் வீட்டுப் பட்டடைக்கு உபதேசம் செய்வது சுலபம்.

பிள்ளைகள் தாயார் முகத்தைப் பார்த்தார்கள். "அடி வாங்கின கல்லுப்பா அது. வாசல்ல பொம்மையா உட்கார வேணாம்" என்றார் அவர். தங்கையும் போனில் அதையே சொன்னாள். 18,000ஐ நாலு பங்காகப் பிரித்து, விற்ற தேதியும் வாங்கியவர் பெயரும் எடையும் பொறிப்பும் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள். 1958ம் ஆண்டு ரசீதின் நகலும் கூடவே போயிற்று. புளியங்கட்டையை வந்தவர் வேண்டாம் என்றார். முதியவர் தன் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனார்.

சங்கங்கள் செய்யக் கூடியது

அந்தத் திண்ணையில் முதியவர் ஒருவர் உட்கார்ந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? 2,500 ரூபாய்க்கு உலைக்களத்துக்குப் போய் உருகியிருக்கும். எல்லாத் தெருவிலும் அப்படி ஒரு திண்ணை இருக்காது. இருப்பவர்களும் இன்னும் எத்தனை காலம் இருப்பார்கள்?

கர்நாடகத்தில் தமிழர் அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. பொங்கல் விழா நடத்துகிறார்கள், பட்டிமன்றம் வைக்கிறார்கள். மிகவும் நல்லது. ஆண்டுக்கு ஒரு நாள், ஆயுத பூஜைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளர் குடும்பங்கள் வசிக்கும் பேட்டையில் ஒரு பந்தல் போட்டால் என்ன? ஓய்வு பெற்ற கொல்லர் இருவர், ஐ.டி.ஐ. ஆசிரியர் ஒருவர், ஒரு தராசு, ஒரு சாக்பீஸ், ஒரு பேரிங் குண்டு. வீட்டில் கிடக்கும் பட்டடை, குறடு, வைஸ், தச்சுக் கருவிகளின் போட்டோவைக் கொண்டுவரச் சொல்லி, இது இன்னது, இன்ன தரம், ரசீது இருக்கிறதா, யாரிடம் கேட்கலாம் என்று சொல்லி அனுப்பலாம். மேடையும் மாலையும் இதற்குத் தேவையில்லை. செலவு ஒரு பந்தலுக்கும் டீக்கும்தான். அதே நாளில் அந்த முதியவர்கள் சொல்வதை யாராவது ஒருவர் எழுதி வைத்துக்கொண்டால், தங்கத்தை வெட்டி எடுத்தவர்களைப் பற்றி மட்டுமல்ல, வெட்டிய கருவிக்குக் கூர் போட்டவர்களைப் பற்றியும் நாலு வரி மிஞ்சும்.

கருவியை விற்க வேண்டிய நிலை வருவது வெட்கம் அல்ல. பிள்ளை வேறு வேலைக்குப் போனதால்தான் உலை அணைந்தது; பிள்ளை வேறு வேலைக்குப் போக வேண்டும் என்றுதான் தகப்பனும் அடித்தான். ஆனால் அவன் அடித்த கல்லை எடைக்குப் போடும் முன் ஒரு சாக்பீஸ் தேய்த்துப் பார்க்கும் கடமை பிள்ளைக்கு உண்டு.

ஹொசகோட்டைப் பக்கத்துப் பட்டறையில் அந்தப் பட்டடை இப்போது வேப்பங்கட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது. வால் பக்கத்தில் அங்கேயும் யாரும் அடிப்பதில்லை.